நீலம் பாரித்த பிள்ளை

தர்மலிங்கம் அந்தப் படத்தை மேசையில் எறிந்த விதத்திலேயே, இந்த மனுசன் இனி இந்த வீட்டுப் படி ஏறமாட்டார் என்று அருள்நாயகிக்குத் தெரிந்துவிட்டது.

"இது ஆற்ற பிள்ளை?" என்று கேட்டார்.

"எங்கட பிள்ளை."

தத்தெடுப்பு அலுவலகம் அனுப்பிய அந்தப் படத்தில் மூன்றரை வயதுச் சீனப் பெண்குழந்தை ஒன்று சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். உதடுகள் நாவற்பழம் தின்றதுபோல் இருந்தன. பிள்ளைக்கு இருதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு இரத்தம் போகிற குழாயும் ஒடுக்கம். பெயர் லின்.

அருள்நாயகிக்கும் சிவானந்தனுக்கும் கலியாணமாகிப் பதினான்கு வருடம். வயிற்றில் தங்கிய மூன்றும் தங்காமல் போய்விட்டன. அவள் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தாள், அவன் தபால்கள் பிரிக்கும் இடத்தில். ஒஸ்லோவின் புறநகரான ஹவுகன்ஸ்டுவாவில் அவர்களுடைய மாடிக் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில்தான் அவனுடைய அண்ணர் தர்மலிங்கம் இருந்தார். தம்பியை நோர்வேக்குக் கூப்பிட்டவர் அவர். தம்பிக்குப் பெண் பார்த்தவரும் அவர். அந்தப் பெண்ணை இப்போது அவருக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

காரணம் தனுஷா. அண்ணன் தம்பி இருவருடைய தங்கை இராசமலரின் மகள், பதினைந்து வயது, கிளிநொச்சியில் இருந்தாள். சண்டை திரும்பத் தொடங்கி, வீட்டுக்கொரு பிள்ளையை இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போகிற காலம். பிள்ளை இல்லாத நீங்கள் அவளை மகளாக எடுங்கள் என்று தர்மலிங்கம் சொன்னார். அருள்நாயகியும் சிவானந்தனும் தத்தெடுப்பு அலுவலகத்தில் போய்க் கேட்டார்கள். தாய் தகப்பன் உயிரோடிருக்கும் பிள்ளையை இப்படித் தத்தெடுக்க முடியாது என்று அதிகாரி கையை விரித்துவிட்டார். அங்கே நோர்வேஜிய மொழியில் கதைத்தவள் அருள்நாயகி. அதுதான் பிழையாகப் போயிற்று.

"நீ வடிவாக் கேட்டிருக்கமாட்டாய்," என்றார் தர்மலிங்கம். "உனக்கு எங்கட ரத்தம் வேண்டாம். சீனாக்காரர் கழிச்சு விட்ட பிள்ளைதான் வேணும்."

"தனுஷாவிலை அவ்வளவு பட்சமெண்டால் நீங்கள் எடுத்திருக்கலாமே. உங்கட மகன் விட்டிட்டுப் போன அறை சும்மாதானே கிடக்குது."

அவருடைய மகன் ஒரு சண்டைக்குப் பிறகு பேர்கன் நகரத்துக்குப் போய், மூன்று வருடமாக வீட்டுக்கு வராதவன். தர்மலிங்கத்தின் முகம் கறுத்தது. கதவு அடித்துச் சாத்தப்பட்டது. சிவானந்தன் குனிந்து, மேசையிலிருந்து கீழே விழுந்திருந்த படத்தை எடுத்துக் காற்சட்டையில் துடைத்தான்.

"அதை நீ சொல்லியிருக்கக்கூடாது," என்றான் பிறகு.

"நீங்கள் ஏதாவது சொல்லியிருந்தால் நான் சொல்லியிருக்கமாட்டன்."

இரண்டாயிரத்து ஏழு கார்த்திகையில் சீனாவுக்குப் போனார்கள். கூடவே வேறு நான்கு நோர்வேஜியத் தம்பதிகளும் வந்தார்கள். அவர்களுக்குக் கைக்குழந்தைகள் கிடைத்தன. நான்சாங் நகரத்து அலுவலகம் ஒன்றில், ஒலிபெருக்கியும் பிளாஸ்ரிக் பூக்களும் இருந்த மண்டபத்தில், லின்னை இவர்களுடைய கையில் கொடுத்தார்கள்.

கொடுத்தார்கள் என்று சொல்வது சரியில்லை. காப்பகத்துப் பெண்ணின் கழுத்திலிருந்து பிய்த்தெடுத்தார்கள். அந்தப் பெண் திரும்பிப் பார்க்காமல் ஓடிப்போனாள். லின் போட்ட சத்தத்தில் மண்டபமே அடங்கிப்போனது. அருள்நாயகி தூக்க வந்தபோது முகத்தில் துப்பினாள். சிவானந்தனின் கையைக் கடித்தாள், இரத்தம் வரும்வரை விடவில்லை. பிறகு உதடு கருநீலமாகிக் கீழே குந்தினாள். முழங்காலை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு மூச்சு வாங்கினாள். அந்த நோய்க்காரப் பிள்ளைகள் அப்படித்தான் குந்துவார்கள் என்று ஒஸ்லோ வைத்தியர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லக் கேட்டது வேறு, கண்ணால் பார்த்தது வேறு. அடுத்த கதிரையில் இருந்த நோர்வேஜியப் பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போயிருந்தாள்.

மறுநாள் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார்கள். நடைபாதையில் லின் உட்கார்ந்து கத்தத் தொடங்கினாள். சிவானந்தன் அள்ளித் தூக்கினான். ஐந்து நிமிடத்துக்குள் சனம் கூடிவிட்டது. இரண்டு கறுத்த மனிதர்கள், கதறுகிற ஒரு சீனப் பிள்ளை. வேறு என்ன நினைப்பார்கள்? ஒருவன் அருள்நாயகியின் கைப்பையைப் பிடித்து இழுத்தான். ஒரு வயதான பெண் பிள்ளையின் காலைப் பிடித்தாள். கூட வந்த நோர்வேஜியத் தம்பதி ஒன்று எதிர்ப்பக்கத்தால் போனது. அருள்நாயகி அவர்களுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர்கள் நடையைக் கொஞ்சம் வேகப்படுத்தினார்கள்.

பொலிஸ்காரன் கடவுச்சீட்டைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், திரும்பவும் கடவுச்சீட்டைப் பார்த்தான். நோர்வேக்காரர் இப்படி இருக்கமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய குழுவுக்கு ஒழுங்குசெய்திருந்த மொழிபெயர்ப்புப் பெண் ஓடிவந்து பத்திரங்களைக் காட்டி அரைமணித்தியாலம் மன்றாடிய பிறகுதான் விட்டான். விடும்போதும் அவன் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கூட்டமும் உடனே கலையவில்லை. விடுதி வாசல்வரை சிலர் பின்னால் வந்தார்கள்.

அன்று பின்னேரமே அங்குள்ள வைத்தியசாலையில் பிள்ளையைக் காட்டினார்கள். நோய் பத்திரத்தில் எழுதியிருந்ததைவிட முற்றியிருந்தது. நீண்ட விமானப் பயணத்தைத் தாங்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார் வைத்தியர். மொழிபெயர்ப்புப் பெண் வெளியே வந்து, கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்: தத்துப் பத்திரத்தில் கடைசிக் கையெழுத்து நாளைக்குத்தான். அதற்கு முன் வேண்டாமென்றால் சொல்லலாம். இன்னும் சுகமான பிள்ளை ஒன்றைக் கேட்கவும் வழியிருக்கிறது.

விடுதி அறையில் லின் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் புகுந்துகொண்டாள். யார் கிட்டப் போனாலும் பல்லைக் காட்டினாள்.

"திருப்பிக் குடுப்பம், அருள்," என்றான் சிவானந்தன். கையில் கட்டுப் போட்டிருந்தான்.

அவள் பிள்ளையின் பத்திரங்களைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"உன்னைப் பிழை சொல்லேல்லை. எங்களாலை ஏலாது. அதுக்கும் எங்களைப் பிடிக்கேல்லை. பிளேனிலை ஏதும் நடந்தால்? மேலை, ஆகாயத்திலை வைச்சு என்ன செய்வம்?"

"நீங்கள் பிள்ளை செத்துப்போகும் எண்டு பயப்படுறியளோ, உங்கட அண்ணர் சிரிப்பார் எண்டு பயப்படுறியளோ? எதெண்டு நேரை சொல்லுங்கோ."

அவன் யன்னல் திரையை இழுத்து மூடினான்.

"ரெண்டுக்கும்தான்," என்றான்.

பொய் சொல்லியிருந்தால் அவள் அன்றைக்கே அவனை வெறுத்திருப்பாள். அவன் உண்மையைச் சொன்னபடியால் அவளும் சொன்னாள்.

"எனக்கும் இதைப் பிடிக்கேல்லை. என்ரை முகத்திலை துப்பின பிள்ளை. தூக்கேக்கை பாசம் எண்டு ஒண்டும் வரேல்லை. பயமாத்தான் கிடந்தது. ஆனால் இதை இஞ்சை விட்டிட்டுப் போனால் இதுக்கு ஒப்பரேசன் நடக்காது. எங்களைப் பிடிக்காட்டிலும் பரவாயில்லை. உயிரோடை இருந்துகொண்டு பிடிக்காமல் இருக்கட்டும்."

அடுத்த நாள் காலையில் சிவானந்தன் அருள்நாயகியின் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான். விமானத்தில் பிராணவாயுச் சிலிண்டரைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு, ஒஸ்லோவில் இறங்கும்வரை லின்னின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விமான நிலையத்துக்கு யாரும் வரவில்லை. ஹவுகன்ஸ்டுவா ரயில் நிலையத்தில் இறங்கிப் பனியில் நடந்து வரும்போது தர்மலிங்கத்தின் மனைவி யோகாம்பாள் எதிரே வந்தாள். பிள்ளையை மேலும் கீழும் பார்த்தாள்.

"தொத்துமோ?" என்று கேட்டாள்.

"இருதயம் தொத்தாது, அக்கா," என்றாள் அருள்நாயகி. "தொத்தினால் உங்களுக்கு நல்லது."

வைத்தியசாலையில் தை மாதம் சத்திரசிகிச்சை என்று நாள் கொடுத்தார்கள். அதுவரை பிள்ளையை அழவிடவேண்டாம், களைக்கவிடவேண்டாம் என்றார்கள். வீட்டிலோ அந்தப் பிள்ளைக்கு அழுகையைத் தவிர வேறு தொழில் இல்லை. சோற்றைத் தட்டிவிட்டாள். அருள்நாயகி அறைக்குள் வந்தால் மேசைக்குக் கீழே போனாள். சிவானந்தன் மட்டும் கிட்ட இருக்கலாம், அதுவும் பேசாமல் இருந்தால். பேசாமல் இருப்பது அவனுக்கு நன்றாக வந்தது. நாள்முழுக்க மாரடித்தது அவள், பிள்ளை சாய்ந்தது அவனில். அது அவளுக்கு உள்ளுக்குள் எரிந்தது.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை மூவரும் ஒஸ்லோ நகரத்துக் கடைத்தெருவான குறொன்லாண்டுக்குச் சாமான் வாங்கப் போனார்கள். தமிழ்க் கடைக்குள் சனம் நிறைந்திருந்தது. மரக்கறிப் பெட்டிகளுக்கு அருகே தர்மலிங்கம் நின்றார். தனுஷாவைப் பற்றி ஒரு மாதமாகச் செய்தி இல்லை என்று அவர் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். தம்பியைக் கண்டதும் குரல் உயர்ந்தது.

"இந்தா வருகினம் பாருங்கோ! எங்கட பிள்ளை அங்கை பங்கருக்குள்ளை கிடக்குது. இவை உலகம் சுத்திப்போய், சாகப்போற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கினம். தங்கச்சியின்ர பிள்ளை செத்தால் இவைக்கு என்ன?"

இரண்டு பேர் ஆமென்று தலையை ஆட்டினார்கள்.

லின்னுக்கு மொழி விளங்கவில்லை, சத்தம் விளங்கியது. வீரிட்டுக் கத்தினாள். கத்தல் சட்டென நின்றது. குந்தப் பார்த்தாள், முடியவில்லை. வெங்காய மூட்டையில் சரிந்தாள். உதடு, நகம், காது எல்லாம் நீலமாகிக் கறுத்துக்கொண்டு வந்தன.

அருள்நாயகி தரையில் இருந்து, வைத்தியர் காட்டித் தந்தபடி பிள்ளையைச் சுருட்டி, முழங்கால்களை நெஞ்சோடு சேர்த்து அமத்திப் பிடித்தாள்.

"விலகுங்கோ! காத்து வரட்டும்! அம்புலன்சுக்கு ஆராவது அடியுங்கோ!"

கடைக்காரர் தொலைபேசியை எடுத்தார். மற்றவர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். தர்மலிங்கம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். "நான் சொன்னது பிழையோ? இப்ப பாருங்கோ," என்றார்.

அதுவரை அண்ணருக்கு எதிரே நிமிர்ந்துகூட நிற்காத சிவானந்தன் அவருடைய குளிர்ச்சட்டையை நெஞ்சில் பிடித்து, பெட்டிகள் சரிய, கதவுவரை தள்ளிக்கொண்டு போனான்.

"என்ர பிள்ளை மூச்செடுக்குது," என்றான். "நீ வெளியிலை நில்."

அண்ணரை அவன் 'நீ' என்று சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தர்மலிங்கம் பனியில் நின்று கண்ணாடிக்குள்ளால் பார்த்தார். அம்புலன்ஸ் வருவதற்கு முன்பே போய்விட்டார்.

சத்திரசிகிச்சையை முன்னுக்குத் தள்ளி, நத்தார்ப் பண்டிகைக்கு முதல் கிழமையே செய்தார்கள். காலையில் கொண்டுபோன பிள்ளை பின்னேரம் குழாய்களோடு வெளியே வந்தது. சிவானந்தன் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளுடைய உதடு மற்றப் பிள்ளைகளின் உதடு மாதிரிச் சிவந்திருந்தது.

சொந்தக்காரர் யாரும் பார்க்க வரவில்லை. தம்பி கைவைத்த கதையைத் தர்மலிங்கம் ஊர் முழுக்கச் சொல்லியிருந்தார். கலியாணவீடு, பிறந்தநாள் என்று எந்த அழைப்பும் அதன்பிறகு வரவில்லை. பங்குனியில் இராசமலர் மகளையும் கூட்டிக்கொண்டு மன்னாரிலிருந்து வள்ளத்தில் இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்பதைக்கூட யாரோ மூன்றாம் மனிதர் சொல்லித்தான் கேள்விப்பட்டார்கள். சிவானந்தன் அங்குள்ள அகதி முகாமுக்குப் போன் எடுத்தான். தங்கை கதைத்தாள். தனுஷாவும் கதைத்தாள்.

"பெரிய மாமா உங்களைத் திட்டுறார், மாமா," என்றாள். "நோர்வேக்குப் போக விருப்பமோ எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. எனக்கு அம்மாவை விட்டிட்டு ஒரு இடமும் போக விருப்பமில்லை."

சிவானந்தன் அதைத் தர்மலிங்கத்திடம் போய்ச் சொல்லலாமென்றான்.

"சொன்னால் மட்டும் நம்புவாரோ?" என்றாள் அருள்நாயகி. அவன் போகவில்லை.

வைகாசியில் பனி முழுக்கக் கரைந்து, மாடிக் கட்டடங்களுக்கு நடுவே புல் பச்சையானது. அருள்நாயகி லின்னைக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளை இப்போதும் அவளுக்கு முகம் கொடுப்பதில்லை. தமிழில் படித்த முதற் சொல் 'போ'. அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவளுக்குச் சொல்லும்.

மணற்குழிக்குப் பக்கத்தில் லின் ஓடினாள். குந்தாமல், நிற்காமல், வேலிவரை ஓடித் திரும்பி வந்தாள். வந்த வேகத்தில் ஒரு பெண்பிள்ளையைச் சைக்கிளிலிருந்து தள்ளிவிட்டு அதில் ஏறப் பார்த்தாள். விழுந்த பிள்ளையின் மூக்கால் இரத்தம் வந்தது. அதன் தாய், வெள்ளைக்காரப் பெண், ஓடிவந்து கத்தினாள். இந்தப் பிள்ளையை யார் வளர்ப்பது, இதற்குத் தாய் இல்லையா என்று கேட்டாள்.

லின் அந்தப் பெண்ணைப் பார்த்தாள். சைக்கிளை விட்டாள். நேராக ஓடிவந்து அருள்நாயகியின் பின்னால் ஒளித்து, இரண்டு கையாலும் அவளுடைய காற்சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

அருள்நாயகி அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள். இரத்தத்தைத் துடைக்கக் கைலேஞ்சியை நீட்டினாள். அவள் அதை வாங்கவில்லை, இன்னும் ஏதேதோ சொன்னாள். அருள்நாயகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். முழங்காலுக்குப் பின்னால் இருந்த பிடி தளர்ந்துவிடுமோ என்று பயந்து, காலை மட்டும் அசைக்கவில்லை.