ஐந்தாவது பாட்டில் யார் பெயர்

1

இதை எழுதும் எண்ணமே எனக்கு இருக்கவில்லை. என்னிடம் கேட்டது ஒரு பக்கக் குறிப்புதான். முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் கேசட்டாக வந்த சில ஜாஸ் பாட்டுகளை ஒரு பெங்களூர் கம்பெனி இசைத்தட்டாக மறுபடி வெளியிடுகிறது, பாடிய டெல்பின் திருச்சிக்காரர், நீங்களும் திருச்சிதானே, அட்டைக்குப் பின்னால் போட ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். பொன்மலைக்குப் போனேன். இரண்டு மணி நேரம் பேசிய டெல்பின், என் நோட்டைத் தன் பக்கம் இழுத்து மூடினார்.

"இனிமே சொல்றதைக் குறிப்பா எழுதாதீங்க. கதையா எழுதுங்க. கதையிலதான் பொய் சொன்னவளையும் மனுஷியாப் பாப்பாங்க."

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பணிமனைச் சங்கும் தேவாலய மணியும் கலந்தொலித்த ஓர் அதிகாலையில், இசையே உருவான அந்தக் குழந்தை...'

(அடித்துவிட்டேன். டெல்பின் பிறந்தது மத்தியானம்.)

அடுத்து: 'பயம் என்றால் என்னவென்றே டெல்பினுக்கு...'

இதுவும் பொய். அவர் பயந்த இடத்தில்தான் கதையே ஆரம்பிக்கிறது. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர், ஓய்வில் டிரம்பெட் வாசிப்பவர். டெல்பின் பத்தொன்பது வயதில் சென்னையில் ஒரு ஹோட்டலில் பாடப் போனார். அப்புறம் பெங்களூர், கொல்கத்தா, இரண்டு வருஷம் கப்பல். இருபத்தெட்டாவது வயதில், சென்னை ஸ்டுடியோ ஒன்றில் கேசட் பதிவு. எட்டுப் பாட்டு, மூன்று நாள். கடைசி நாள் காய்ச்சலில் தொண்டை கட்டிக்கொண்டது. பாக்கி இருந்தது ஐந்தாவது பாட்டு மட்டும். அதில் வார்த்தையே கிடையாது, குரல்தான் இஷ்டத்துக்கு ஓடித் திரிய வேண்டும். வாத்தியக்காரர்களுக்குச் சாயந்திரம் ரயில். வெந்நீர் பிளாஸ்க்கோடு துணைக்கு வந்திருந்த தங்கை ரோசரி, ஒத்திகையைக் கேட்டுக் கேட்டே அதை மனதில் ஏற்றியிருந்தாள்.

"நான் வேணா பாடிப் பாக்கட்டுமாக்கா?"

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து டெல்பின் கேட்டார். தான் நிதானித்துக் காலெடுத்து வைத்த இடங்களையெல்லாம் ரோசரி ஒரே எட்டில் தாண்டினாள். இரண்டாவது தடவை தேவைப்படவில்லை. வாத்தியக்காரர்கள் கை தட்டினார்கள்.

"எனக்குப் பெருமையா இல்லைங்க," என்றார் டெல்பின் என்னிடம். "பயமா இருந்துச்சு."

கேசட்டில் ஒரு பெயர்தான் அச்சானது.

3

கேசட் பெரிதாகப் போகவில்லை. போன வருஷம் யாரோ அதை இணையத்தில் ஏற்ற, ஐந்தாவது பாட்டு மட்டும் ஊரெல்லாம் பரவிவிட்டது. கம்பெனியிலிருந்து அனீஸ் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை அறிவிப்பு விழா மேடம், தட்டு அடுத்த மாசம்தான் வருது. அந்த அஞ்சாவது பாட்டை நீங்க மேடையில பாடணும். ஜனங்க அதுக்குத்தான் வர்றாங்க."

டெல்பின் சிரித்துத் தலையாட்டினார். அனீஸ் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தார். நாலாவது அடியிலேயே மூச்சு நின்றது. இருபத்தெட்டு வயதில், ஒத்திகையிலும் அங்கேதான் நின்றது.

(பெயர்தானே, சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படி நினைத்து மூன்று பக்கம் எழுதிவிட்டேன். மிச்சத்தை டெல்பின் அப்புறம்தான் சொன்னார்.)

மிச்சம் இதுதான். பதிவு முடிந்து ஊர் திரும்பும் ரயிலில் ரோசரி கேட்டாள்: "நானும் உன்கூட மேடைக்கு வரட்டுமா?" டெல்பின் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "உன் தொண்டை மேடைக்குத் தாங்காதுடி. டீச்சர் ட்ரெயினிங் போ."

ரோசரி போனாள்.

4

வியாழக்கிழமை டெல்பின் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனார். மாடி வீட்டில் ரோசரி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அந்த அஞ்சாவது பாட்டு..."

"தெரியும். பிளஸ் டூ பிள்ளைங்க எங்கிட்டயே போட்டுக் காட்டுதுங்க, 'கேளுங்க மிஸ், சூப்பரா இருக்கு'ன்னு."

"நீ பாடினதுன்னு மேடையில சொல்லப்போறேன்."

"எதுக்கு?"

"அதானே உண்மை."

"போன வாரமும் அது உண்மைதானேக்கா. உன்னால பாட முடியலன்னதும் வந்திருக்க."

டெல்பினுக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. போகவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. உன் தொண்டை தாங்காதுன்னு ரயில்ல சொன்னேன்ல, அது பொய். நீ வந்துட்டா என்னை யாரு கேப்பான்னு..."

சிவப்புப் பேனா நின்றது. கீழே தெருவில் ஒரு ஆட்டோ திரும்ப முடியாமல் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

"இது எனக்குத் தெரியாது," என்றாள் ரோசரி. "தொண்டை கெட்டுடும்னு நான் கிளாஸ்லகூட சத்தமாப் பேச மாட்டேன். இத்தனை வருஷமா."

பிறகு அடுத்த விடைத்தாளை எடுத்தாள். டெல்பின் செருப்பு மாட்டும்போதும் தலை நிமிரவில்லை.

5

விழாவுக்கு ரோசரி வந்திருந்தார், மூன்றாவது வரிசையில். நாலு பாட்டு முடிந்ததும் டெல்பின் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு இரண்டையும் சொன்னார், ஸ்டுடியோவையும் ரயிலையும். அனீஸ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இதற்குமேல் நான் எழுதிய முதல் முடிவு: ரோசரி மேடையேறுகிறார், பாடுகிறார், அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு... டெல்பினிடம் படித்துக் காட்டினேன். "ஏங்க, இதென்ன சினிமாவா?" என்றார்.

நடந்தது வேறு. ரோசரி எழுந்தார், கைப்பையை எடுத்துக்கொண்டார், பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனார். டெல்பின் வாத்தியக்காரர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் ஐந்தாவது பாட்டை வாசித்தார்கள். குரல் வரவேண்டிய இடங்களில் பியானோ காத்து நின்றது. முழுப் பாட்டுக்கும் டெல்பின் வாய் மூடி நின்றார்.

6

குறிப்பை எழுதிக் கொடுத்துவிட்டேன், ஐந்தாவது பாட்டில் யார் குரல் என்ற ஒரு வரி தவிர. நேற்று ரோசரி போன் செய்தார்.

"அந்தப் பாட்டுக்கு என் பேரைப் போடாதீங்க சார்."

"நீங்கதானேங்க பாடினீங்க?"

"நான் அவளை இன்னும் மன்னிக்கல. என் பேரைப் போட்டா, எல்லாம் சரியாப்போச்சுன்னு ஆயிடும்."

டெல்பினிடம் சொன்னேன். "அப்ப என் பேரும் வேண்டாம். இன்னொரு தடவை அந்தப் பொய்யைச் சொல்ல மாட்டேன்," என்றார். பெயர் போடாமலே விட்டுவிடலாம் என்றேன். "அவ பாடவே இல்லைன்னு ஆக்கிடலாம்னு சொல்றீங்களா?" என்று கேட்டு போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அட்டை அச்சுக்குப் போகிறது. அனீஸ் காலையிலிருந்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். யாராவது ஒருத்தியை நான் காயப்படுத்தியே ஆகவேண்டும். எந்த ஒருத்தி என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் எழுதிவிடுங்கள்.

5. குரல்: