எண்பதாம் நம்பர் உப்புத்தாள்

மனைவியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெயிண்டருக்கு வாய் மூடாது. ஏணி மேல் நின்றபடியே கீழே இருக்கும் வீட்டுக்காரரிடம், "எங்க வீட்டம்மா பேடல் ஆடுறாங்க சார்" என்பார். அது என்ன என்று அவர் கேட்காவிட்டாலும் விடமாட்டார். கண்ணாடிச் சுவரும் கம்பி வலையும் அடைத்த கூண்டு, நடுவில் நெட், பக்கத்துக்கு இரண்டு பேர். பந்து தரையில் பட்டுக் கண்ணாடியில் மோதித் திரும்பினாலும் அடிக்கலாம். "நாப்பத்தாறு வயசு சார். முடி வெட்டுற வேலை, நாள் பூரா நிக்கணும். அந்தக் காலை வெச்சுக்கிட்டு ஓடுற ஓட்டத்தைப் பாக்கணுமே நீங்க."

செலவு ஒன்றும் லேசுப்பட்டதில்லை. நாலு பேர் பிரித்துக் கொடுத்தும் கோர்ட் வாடகை கையைக் கடித்தது. காலை பத்து மணிக்குப் பாதி வாடகை என்பதால் செவ்வாயும் வெள்ளியும் அந்நேரம் கடையைச் சாத்திவிட்டு ஓடுவாள். அதை ஈடுகட்டச் சாயங்காலம் இரண்டு தலை கூடுதலாக வெட்டுவாள். ஷூ வேறு, பந்து வேறு. அந்தப் பந்தும் இரண்டு வாரத்தில் காற்றுப்போய்த் துள்ள மறுத்துவிடும். இத்தனைக்கும் அவரிடம் ஒரு காசு கேட்டதில்லை. பெருமைதான், ஆனால் அதுவே மனுஷனுக்கு உறுத்தலாகவும் இருந்தது.

அதனால் ஒரு கிடங்குக் கூரைக்கு மூன்று மாதம் ஞாயிறு ஞாயிறாகப் பெயிண்ட் அடித்து, அந்தக் காசில் விளையாட்டுச் சாமான் கடையிலேயே விலை கூடிய மட்டையை வாங்கினார். யாருக்கு என்று கடைக்காரர் கேட்டதற்கு, "நல்லா ஆடுறவங்களுக்கு" என்று மட்டும் சொன்னார். அங்கேதான் கோட்டை விட்டார். இரும்புக் கைக்காரர்கள் ஓங்கி அடிப்பதற்கென்று செய்த, தலை கனத்த, கல் மாதிரி மட்டை அது.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எதுக்கு இவ்வளவு செலவு?" என்று திட்டிக்கொண்டே சிரித்தாள். அன்று அவருக்குச் சோறு கூட இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஒன்றரை மாதம் போயிருக்கும். அவள் கெட்டிலை இடது கையால் தூக்குவதைக் கவனித்தார். அவள் கடைக்குப் போனால், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "தூங்குறப்ப அமுங்கிருச்சு" என்றாள். கைதான் அவள் பிழைப்பு, ஆட்டம்தான் அவள் உயிர். இதில் எது போனாலும் அவள் பழைய ஆளாக இருக்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைப்போமே என்று அவள் பையிலிருந்து மட்டையை எடுத்தார். விளிம்பெல்லாம் கீறல். நன்றாக ஆடியிருக்கிறாள் என்று முதலில் மகிழ்ந்துதான் போனார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியில் இடித்த கீறல் கோணல்மாணலாக அல்லவா இருக்கும்? இது ஒரே திசையில், ஒரே ஆழத்தில் இருந்தது. முப்பது வருடம் கதவு தேய்த்த கண்ணை ஏமாற்ற முடியுமா? எண்பதாம் நம்பர் உப்புத்தாள். அதுவும் அவருடைய சாமான் பெட்டியிலிருந்தே போயிருக்கிறது.

மட்டையைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தார். "இதை எதுக்குத் தேச்ச?"

அவள் கீறலை விரலால் தடவினாள். "ஆடின மாதிரி தெரியணும்னுதான்."

"அப்ப ஆடலையா?"

"மூணு வாரம் ஆடினேன். கையைத் தூக்க முடியல. டாக்டர் இந்த மட்டையே ஆகாதுன்னுட்டார். லேசா, மெத்துன்னு இருக்கிறது வேணுமாம். இப்ப கோர்ட்டுல வாடகைக்குக் குடுக்கிறதை வெச்சு ஓட்டுறேன். அதுவும் கனம்தான். வலி குறையல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"வாங்கிட்டு வந்த அன்னைக்கு உங்க மூஞ்சியைப் பாத்தேனே. அப்புறம் எப்படிச் சொல்றது? வர்ற வெள்ளிக்கிழமையோட நின்னுக்கிறேன்னு டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். அவங்க வேற ஆள் பாத்துப்பாங்க."

டீச்சர்தான் ஆட்டத்தில் அவளுடைய ஜோடி. தன் முகம் வாடக் கூடாது என்று ஆட்டத்தையே விடத் துணிந்திருக்கிறாளே இவள், என்ன பிறவி என்று நினைத்தார்.

மறுநாளே மட்டையை, பழைய மட்டை வாங்கி விற்கும் கோர்ட் கோச்சிடம் கொண்டுபோனார். கீறலைப் பார்த்துக் கோச் உதட்டைப் பிதுக்கினார். "பாதி விலைதான் தர முடியும். நீங்க பெயிண்டர்தானே, டச்சப் பண்ணிக் கொண்டாங்க, முக்கால் தரேன்."

வீட்டுக்கு வந்து கறுப்பைக் கலந்தார், நிறம் அச்சாகச் சேர்ந்தது. பிரஷ்ஷை நனைத்தார். அப்புறம் என்ன தோன்றியதோ, துடைத்து வைத்துவிட்டுப் பாதி விலைக்கே கொடுத்துவிட்டு வந்தார். அந்தப் பணத்தில், டாக்டரிடமே கேட்டுக்கொண்டு, லேசான வட்டத் தலை மட்டை ஒன்று வாங்கினார்.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகாமல் கண்ணாடிக்கு வெளியே நின்றார். புது மட்டையால் பத்துப் பந்து அடித்தாள், இருபது அடித்தாள். அவள் முழங்கையைப் பிடிக்கவே இல்லை. பின்கண்ணாடியில் மோதி வந்த ஒரு பந்தை அப்படியே வாங்கி, எதிராளிகளின் தலைக்கு மேலே தூக்கிப் போட்டாள். டீச்சர், "யாரு நிக்கப் போறதுன்னு சொன்னது?" என்று கேட்டது வெளியே வரைக்கும் கேட்டது.

தண்ணீர் குடிக்க வந்தவள் நேராக அவரிடம் வந்தாள். "கோச் முக்கால் விலைக்குக் கேட்டாராமே. உங்களுக்குப் பத்து நிமிஷ வேலை. ஏன் டச்சப் பண்ணல?"

"நீ எனக்காகத் தேச்சது," என்றார் அவர். "அது மேல நான் எப்படி பெயிண்ட் அடிப்பேன்?"

அவள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். உள்ளே மூன்று பேரும் காத்திருந்தார்கள், மணி ஓடிக்கொண்டிருந்தது. துண்டு முகத்தைவிட்டு இறங்கவே இல்லை.