முதல் பவுணிலிருந்தே வெட்டு

விடிகாலை ஐந்து மணிக்கே லண்டன் டூட்டிங் சலவை ஆலையில் துணி தேய்க்கும் உருளை பழுக்கக் காய்ந்திருந்தது. ஓட்டல்களிலிருந்து வந்த படுக்கை விரிப்புகளை ஈரத்தோடு உதறி, முனை பிசகாமல் அதன் வாய்க்குள் கொடுக்கவேண்டும். ஒரு முனையில் சிவனேஸ்வரி, மறுமுனையில் பியற்றிஸ். சோடா நெடி தொண்டையைக் கரித்தது. விரல் நுனியில் தோல் உரிந்து, புதுத்தோல் வருமுன் அதுவும் உரிந்தது.

ஏழு பெண்கள். ஒருத்திக்கும் இந்த ஒரு சம்பளம் காணாது. பத்து மணிக்கு இங்கே முடித்துக்கொண்டு சிவனேஸ்வரி பள்ளிக்கூடச் சமையலறைக்கு ஓடுவாள். வருமானத்தின் முதற்பகுதிக்கு வரி இல்லையென்பது சட்டம். அந்தச் சலுகையைப் பள்ளிக்கூட வேலையில் கொடுத்திருந்தார்கள். அங்கே கிடைத்த கூலி சொற்பம், சலுகையில் பாதிகூடப் பயன்படவில்லை. சலவை ஆலையிலோ முதல் பவுணிலிருந்தே வரி வெட்டு. கூடுதலாக வெட்டியது திரும்பக் கிடைக்கும், இரண்டு முதலாளிகளிடமும் வருடமுடிவுத் தாளை வாங்கி வாருங்கள் என்று வரிக் கந்தோர் அதிகாரிகள் சொன்னார்கள். பள்ளிக்கூடம் உடனே கொடுத்துவிட்டது. வரி வருடம் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது, இப்போது 1991 ஜூன், சலவை ஆலைத் தாள் இன்னும் வரவில்லை. அந்தக் காசு வந்தால்தான் கொழும்பு லொட்ஜில் காத்திருக்கும் மகளுக்கு விமானச்சீட்டு.

எட்டு மணிக்கு முதலாளி சபாரத்தினம் வந்தார்.

"அண்ணை, அந்த வருடமுடிவுத் தாள், பி-சிக்ஸ்டி..."

"நாலாம் தரம் கேக்கிறீர்."

"ஓம். நாலு தரமும் நீங்கள் தரேல்லை."

"உம்மடை அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. ஹோம் ஒஃபிசுக்கு நான் ஒரு கடிதம் போட்டால் என்ன நடக்கும் தெரியுமோ?"

"போடுங்கோ. வேலை செய்யிற அனுமதி என்னட்டை இருக்கு. வெட்டின வரியை நீங்கள் கட்டினனீங்களோ எண்டதுதான் இப்ப எனக்கு ஐமிச்சம்."

வரி வெட்டிய கணக்கைக் காட்ட அவள் நீட்டிய சம்பளத் துண்டுகளைப் பறித்து, சேர்த்துக் கிழித்தார். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கன்னத்தில் அறை விழுந்தது. பிறகு இரண்டு கையாலும் தள்ளினார். மல்லாந்து சாய்ந்தவளின் இடது முழங்கை உருளையில் அழுந்தியது. தசை கருகும் மணம் எழுந்த பிறகே அலறல் வந்தது.

பியற்றிஸ் சிவப்புப் பொத்தானை அடித்தாள். உருளை நின்றது, சூடு நிற்கவில்லை. இழுத்தெடுத்தபோது தோல் விரிப்போடு ஒட்டி நின்றுவிட்டது.

"மெசினைப் போடு" என்றார் சபாரத்தினம்.

ஒருவரும் அசையவில்லை. ஈரத்துணி தூக்கும் இரும்புக் கம்பியை எடுத்துப் பியற்றிஸின் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்த ஓசை எல்லோருக்கும் கேட்டது. மறுபடி ஓங்கிய கம்பியை, மடிப்பு மேசையில் நின்ற கிரிஜா பின்னாலிருந்து பற்றினாள். இன்னும் நான்கு பேரின் கைகள் சேர்ந்தன. கம்பி பறிபோக, அவர் சுவரோடு ஒண்டித் தலையைப் பொத்திக்கொண்டார். கிரிஜா ஓங்கினாள்.

"வேண்டாம் கிரிஜா" என்றாள் சிவனேஸ்வரி, தண்ணீர்க் குழாயின் கீழே கையைப் பிடித்தபடி. பற்கள் கிட்டியிருந்தன. "அடிச்சால் பொலிஸ் எங்களைத்தான் கொண்டுபோகும். அந்த ஆளுக்கு அதுதான் வேணும்."

கிரிஜா கம்பியை விட்டெறிந்தாள். அது முதலாளியின் அறைக் கண்ணாடியை நொறுக்கியது. பெண்கள் சம்பளத் துண்டுகளின் கிழிசல்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பொலிசில் முறைப்பாடு எழுதினார்கள். மூன்றாம் நாள் ஏழு பேரும் வரிக் கந்தோரில் நின்றார்கள். சலவை ஆலை பூட்டியபடி கிடந்தது. அந்தக் கிழமைச் சம்பளம் ஒருத்திக்கும் இல்லை.

அதிகாரி பதிவுகளைப் பார்த்தார். "இந்த ஆலையிலிருந்து உங்கள் பெயரில் வரி எதுவும் வரவில்லை. விசாரிக்கவேண்டும், மாதங்கள் ஆகும். முதலில் ஒருவர் மட்டும் உட்காருங்கள். மற்றவர்கள் வெளியே."

ஒருவரும் வெளியே போகவில்லை. பியற்றிஸ் கட்டுப்போட்ட தோளோடு குனிந்து தன் சம்பளத் துண்டுகளை மேசையில் வைத்தாள். அதன்மேல் கிரிஜா தன்னுடையதை. பிறகு மற்றவர்கள்.

அதிகாரி பெருமூச்சோடு நீளமான முறைப்பாட்டுப் படிவமொன்றை எடுத்தார். "சரி, யாருடைய பெயரை முதலில் எழுத?"

"அவருடையதை" என்றாள் சிவனேஸ்வரி. "சபாரத்தினம். எழுத்துக் கூட்டிச் சொல்கிறேன்."