எனக்கு மட்டும் தெரிந்த கதவுகள்

நான் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்பவன். மெஷினில் பேப்பர் சிக்கினால் சிவப்பு விளக்கு எரியும். எந்த மூடியைத் திறக்க வேண்டும் என்று பக்கத்திலேயே படம் போட்டிருக்கும். அந்த விளக்கை இடம் மாற்றிப் பார்ப்போமே என்று இதுவரை யாருக்கும் தோன்றியதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நான் கட்டிக்கொண்டு அழுகிற மேப் டூலைத் தயாரிக்கிறவர்களுக்கு, ஒவ்வொரு அப்டேட்டிலும் எதையாவது நோண்டாவிட்டால் தூக்கம் வராது.

விளையாட்டு இதுதான். அக்கா அவள் வீட்டில், அத்தான் அவர் வீட்டில், நான் என் அறையில். மூன்று பேர் கம்ப்யூட்டரிலும் ஒரே கோட்டையின் மேப், பேச்செல்லாம் மைக்கில். அக்கா ஒரு திருடி, அத்தான் ஒரு காவலாளி. ஆளுக்கு ஒரு வட்டப் படம், அதற்கு டோக்கன் என்று பெயர். கதையை நடத்துகிறவன் நான். எனக்குக் கோட்டை முழுவதும் தெரியும். அவர்களுக்கு நான் திறந்துவிட்ட இடம் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் கறுப்பு. நான் ஒளித்து வைத்த பொருள்கள் என் திரையில், துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி மங்கலாக இருக்கும். மங்கலாக இருந்தால் அவர்களுக்குத் தெரியாது, பளிச்சென்று இருந்தால் தெரியும். பச்சைக் குழந்தைக்கும் புரிகிற ஏற்பாடு.

அந்த மங்கலைத்தான் எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு ஒவ்வொரு பொருளின் மூலையிலும் கடுகளவு ஒரு கண். கண் மூடியிருந்தால் பொருள் ஒளிந்திருக்கிறது, திறந்திருந்தால் எல்லோருக்கும் தெரிகிறது. வித்தியாசம் கண்டுபிடிக்க மூக்கைத் திரையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். கீபோர்டு ஷார்ட்கட்களையும் விட்டுவைக்கவில்லை. முன்பெல்லாம் ஷிஃப்டோடு ஹெச்சை அமுக்கினால் மேப்பில் உள்ள ரகசியம் அத்தனையும் ஒரே அடியில் ஒளிந்துகொள்ளும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதுபோல, ஆட்டம் தொடங்குமுன் அதை அமுக்குவது என் வழக்கம். இப்போது அதே இரண்டு கீக்கும் வேலை நேர் எதிராகிவிட்டது என்று அப்டேட் குறிப்பில் போட்டிருந்தார்களாம். அதை எல்லாம் யார் படிக்கிறார்கள்?

அப்பாவும் அம்மாவும் போனபிறகு நான் வளர்ந்தது அக்கா வீட்டில்தான். அத்தான்தான் எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், மெஷின் வேலைக்குச் சேர்த்துவிட்டார், முதல் ஸ்க்ரூடிரைவர் செட்டும் அவர் வாங்கித் தந்ததுதான். போன வருடம் அவர்கள் இருவரும் பிரிந்தபோது ஒத்துவரவில்லை என்றார்கள், அவ்வளவுதான். ஒத்துவராததைப் பிரித்துப் பார்த்து ஒத்துவரச் செய்வதுதானே என் பிழைப்பு? அதனால்தான் இந்த ஆட்டத்தையே ஆரம்பித்தேன். வாரத்தில் ஒரு மதியமாவது ஒருவர் குரலை இன்னொருவர் கேட்கட்டும் என்று நினைத்தேன்.

கேட்டார்கள், ஆனால் நேராகப் பேசவில்லை. காவலாளியை விளக்கைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லு என்பாள் அக்கா, என்னிடம். திருடிக்குக் கண் தெரியவில்லையாமா என்பார் அத்தான், அவரும் என்னிடம். நடுவில் நான் தபால்காரன்.

சும்மா இருக்க முடியாமல் ஒரு வேலை செய்தேன். இந்த டூலில் கதவுகளுக்கு நிபந்தனை வைக்கலாம். கதவிலிருந்து ஒரு டோக்கனுக்குக் கோடு இழுத்துவிட்டால், அந்த டோக்கன் உள்ளே வந்ததும் கதவு சாத்திக்கொள்ளும். நான் ஒவ்வொரு கதவுக்கும் இரண்டு கோடு இழுத்தேன், ஒன்று திருடிக்கு, ஒன்று காவலாளிக்கு. இருவரும் ஒரே அறைக்குள் வந்தால் பூட்டிக்கொள்ளும். இருவரும் சேர்ந்து யோசித்தால்தான் திறக்கும். சமையல்கட்டு, ஆயுத அறை, குதிரை லாயம் என்று எல்லா இடத்திலும் இதே தந்திரம். கடைசியாகக் கருவூலம். அங்கே என்னை விட்டுவிட்டு அவர்கள் ஒருவரோடு ஒருவர் நேராகப் பேசினால்தான் கதவு திறக்கும் என்று வைத்திருந்தேன். பேசிவிட்டார்கள் என்றால் அக்கா வீடு திரும்பிவிடுவாள் என்று நான் மனதார நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கருவூலத்து வாசலுக்கு வந்திருந்தது. பழக்கதோஷத்தில் ஷிஃப்டையும் ஹெச்சையும் அமுக்கினேன். என் திரையில் ஒன்றும் மாறவில்லை. எப்படி மாறும், எனக்குத்தான் எப்போதும் எல்லாம் தெரியுமே. குரலைக் கனமாக்கிக்கொண்டு ஆரம்பித்தேன். சுற்றிலும் கும்மிருட்டு, நீட்டிய கைகூடத் தெரியவில்லை, எங்கோ தண்ணீர் சொட்டுகிறது என்று விலாவாரியாக அளந்தேன். இருவரும் மூச்சுக் காட்டவில்லை. பயந்துவிட்டார்கள் என்ற சந்தோஷத்தில் ஒரு வௌவாலையும் பறக்கவிட்டேன்.

"டேய், எல்லாம் பட்டப்பகல் மாதிரி தெரியுதுடா" என்றாள் அக்கா.

திரையில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன். கோட்டை முழுக்கக் குட்டிக் குட்டிக் கண்கள், ஒன்றுகூட மூடவில்லை. மறுபடி ஷிஃப்ட், ஹெச். அசையவில்லை. கன்ட்ரோலோடு ஹெச்சை அமுக்கினேன், மேப்பின் குறுக்கே அளவுகோல் வந்து நின்றது. ஆல்ட்டோடு அமுக்கினேன், திருடி தலைகீழானாள். எஸ்கேப்பை அமுக்கினால் தப்பிக்கலாம் என்று பார்த்தால் அது குதிரை லாயத்துக்கு எல்லோரையும் இழுத்துக்கொண்டு போயிற்று. இதை வடிவமைத்த மகராசன் கையில் கிடைத்தால் அவனைப் பழுதான ஜெராக்ஸ் மெஷின் முன்னால் உட்காரவைத்து, எல்லாப் பட்டன்களின் பெயரையும் அழித்துவிட்டு, நூறு காப்பி எடுடா என்று சொல்லவேண்டும்.

"அது என்ன கோடு? எல்லாக் கதவுலேர்ந்தும் என்கிட்டயும் அவர்கிட்டயும் வந்து நிக்குது" என்று அக்கா கேட்டாள்.

சாஃப்ட்வேர் கோளாறு என்றேன். புது அப்டேட்டில் கண்ட இடத்தில் எல்லாம் கோடு வருகிறது, பல பேர் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று கூசாமல் சொன்னேன். அத்தான் சிரித்துவிட்டார்.

"விடுடா. எந்த ரூமுக்குப் போனாலும் எங்க ரெண்டு பேர் மேலயே கதவு சாத்துனா தெரியாமலா போகும்? சமையல்கட்டுலயே பிடிச்சிட்டேன். அன்னிக்கே உங்க அக்கா போன் பண்ணி, பாவம் பையன்னு சிரிச்சா."

அக்கா அத்தானுக்கு போன் பண்ணினாளா? எப்போதிலிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டேன். பேசாமல் எப்போது இருந்தோம் என்று அக்கா திருப்பிக் கேட்டாள். பிறகு அவள் குரல் இறங்கியது.

"கோர்ட்ல முடிஞ்சிருச்சுடா. போன மாசமே. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல."

மீதியை இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அவர்கள் பிரிந்த புதிதில் நான் யார் போனையும் எடுக்காமல், வேலைக்குப் போவதும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுப்பதுமாக இருந்தேனாம். விளையாட வாருங்கள் என்று நானாகக் கூப்பிட்டதும், இவன் தேறுகிறவரைக்கும் போவோம் என்று கலந்து பேசி முடிவு செய்தார்களாம். ஆட்டத்தில் நேராகப் பேசினால் நான் ஏதாவது நம்பிக்கை வளர்த்துக்கொள்வேன் என்று பயந்துதான் என் வழியாகவே பேசினார்களாம்.

கோபம் மண்டைக்கு ஏறியது. நாள் முழுக்க ஜெராக்ஸ் மெஷின் கரித்தூளில் கை விட்டுவிட்டு வந்து, கண் எரிய உட்கார்ந்து ஒவ்வொரு கதவாக வரைந்தவன் நான். இவர்கள் என்னைப் பார்த்துக்கொள்ள வந்தார்களாம். முட்டாளாக்கிவிட்டீர்கள், இத்தனை நாளும் என்னை வைத்து நாடகம் ஆடியிருக்கிறீர்கள் என்று கத்தினேன். அக்கா தடுக்கவில்லை. கத்தி முடித்தபோது எனக்குக் கோபம் போய்விட்டிருந்தது; இனி போக ஒரு வீடு இல்லை என்பது மட்டும் மிச்சம் இருந்தது.

அத்தான்தான், ஆட்டத்தைத் தொடரலாமா, காவலாளி எங்கே போகவேண்டும் என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், கூப்பிட வார்த்தை வரவில்லை.

"என்னடா?" என்றார்.

"இனிமே உங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அவகூடத்தான்டா கோர்ட்டுக்குப் போனேன். உன்கூட எந்தக் கோர்ட்டுக்குப் போனேன்?"

மைக்கை அணைக்கிற கீயை மட்டும் அந்தப் பாவிகள் மாற்றாமல் விட்டிருந்தார்கள். அதை அமுக்கிவிட்டு அழுதேன்.