ஆறு மாதக் கூர்க்கா

கும்மிடிப்பூண்டியில் அந்த ரோலிங் மில் எழும்பியபோது, நிலம் கொடுத்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு வேலை என்று சொல்லியிருந்தார்கள். சுப்பிரமணியின் பங்குக்கு அவருடைய மகன் தணிகாசலம் போனான். பதினெட்டு வயது. பர்மாவில் பிறந்தவன், அறுபத்து நான்கில் அகதிக் கப்பலில் அப்பாவோடும் பர்மியத் தாயோடும் வந்து இறங்கியபோது அவனுக்கு ஆறு வயது. முகம் அப்படியே தாயின் முகம். பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சு.

ஆபீசர் ராமபத்ரன் அவனைப் பார்த்ததும் இந்தியில் ஏதோ கேட்டார்.

"இந்தி வராது சார். நான் இந்த ஊருதான்."

அவர் சிரித்துவிட்டார். "பாத்தா நேபாளமாட்டம் இருக்கே. உள்ளே இப்போ இடமில்லே, கேட்டுல நில்லு. ஊர்க்காரன் நின்னா எவனும் பயப்பட மாட்டேங்கறான், சாமானெல்லாம் வெளில போறது. ஆறு மாசம் கூர்க்காவா இரு, அப்புறம் மிஷின்ல போடறேன். ஆனா வாயைத் தொறக்கப்படாது. தமிழ் பேசினேன்னா போச்சு."

ரயிலில் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் நம்பிவிட்டார்கள். அவன் எதிரிலேயே அவன் மூக்கைப் பற்றிப் பேசினார்கள். ஊர்ப் பையன்கள் உண்மையைச் சொல்லவில்லை. அவர்களுக்கு அது நல்ல வேடிக்கை. "இன்னா பகதூர், நாஷ்டா ஆச்சா?" என்று காதருகே கேட்டுவிட்டுப் போவார்கள். ஷிஃப்ட் முடிந்து கரி படிந்து வெளியே வரும்போது எல்லா முகமும் ஒன்றுபோல இருந்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவனாக வரவேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு.

ஐந்தாம் மாதம் ஒரு மாலை, கேட்டில் சோதனை போடும்போது, அதே மில்லில் வேலை செய்த சித்தப்பா மகன் பரசுராமனின் தூக்குச்சட்டியைத் திறந்தான். மிச்சச் சோற்றுக்கு அடியில் பித்தளை புஷ் ஒன்று, மிஷினில் மாட்டுவது.

பரசுராமன் அவன் தோளில் கை போட்டான். "மூடுடா தணிகா. நாம ஒரே ஊடுடா."

இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. தணிகாசலம் மூடியை அழுத்தி மூடிக் கொடுத்தான்.

மறுநாள் மிஷின் ஓடவில்லை. ராமபத்ரன் மொத்த ஷிஃப்டையும் கேட்டில் நிறுத்தி விசாரித்தார்.

"கூர்க்காவ கேளுங்க சார்," என்றான் பரசுராமன். "அவனுக்குத் தெரியாமயா போயிருக்கும்?"

தணிகாசலத்தால் அதற்குமேல் முடியவில்லை. "இவன்தான் சார் எடுத்துக்கினு போனான். தூக்குல பாத்தேன். அண்ணன் தம்பியாச்சேன்னு உட்டேன்."

கூட்டத்தில் வெளியூர்க்காரன் ஒருவன், "டேய், கூர்க்கா தமிழ் பேசறான்டா!" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். அவன் சொன்ன விஷயம் அந்தச் சிரிப்பிலேயே போய்விட்டது.

"உன் தம்பியா இவன்?" என்று ராமபத்ரன் பரசுராமனைக் கேட்டார்.

"பெரியப்பா பர்மாவுலேருந்து இட்டாந்தது சார். யாருக்குப் பொறந்ததோ, யாரு கண்டா?"

வேலை போய், மதியத்துக்குள் தணிகாசலம் வீட்டுக்கு வந்துவிட்டான். ஊரார் பூவம்மாள் என்று கூப்பிடும் அவன் தாய் வெளியே வந்து பார்த்தாள்.

"வேலை இன்னா ஆச்சு?"

பரசுராமன் சொன்னதை அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "நின்னுக்கினே தூங்கிட்டேன். தொரத்திட்டாங்க."

அவள் திட்டத் தொடங்கினாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் வராது. எதிர்வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து அந்தப் பர்மியப் பேச்சை வேடிக்கை பார்த்தார்கள்.

"தமிழ்ல திட்டும்மா," என்றான் தணிகாசலம். "தெருவுல கேக்குது."