கன்னத்து மூச்சு

1957, ஒரு மழைநாள் பிற்பகல். சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு கடைவீட்டின் மாடியறையில் சம்சுன்னிசாவுக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. வீட்டுப் பிரசவம் பார்க்கும் தாதி உர்சுலா படியேறி வந்த கொஞ்ச நேரத்தில் ஆண் குழந்தை பிறந்தது. அழவில்லை. ரப்பர் குழாயால் சளியை உறிஞ்சி எடுத்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தலை தெரிந்தது. இரட்டை என்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

இரண்டாவது, பெண். அவளும் மூச்சுவிடவில்லை.

உர்சுலா இரு குழந்தைகளின் தொப்புள்கொடியையும் தொட்டுப் பார்த்தாள். பையனுக்குத் துடிப்பு பரவாயில்லை. பெண்ணுக்கு விட்டுவிட்டு அடித்தது. வாசலில் நின்ற கணவர் நெய்னா முகம்மதுவை உள்ளே கூப்பிட்டுப் பையனை அவர் கையில் வைத்தாள்.

"தலைகீழாப் பிடிச்சுத் தட்டணுமா, மிஸ்ஸி?"

"தட்டாதீங்க. தலையை லேசா நிமிர்த்தி, மூக்கையும் வாயையும் சேர்த்து உங்க வாயால மூடிக்குங்க. பலமா ஊதினா நுரையீரல் கிழிஞ்சிடும். கன்னத்துல நிக்கிற காத்து போதும். நெஞ்சு ஏறி இறங்கினதும் அடுத்தது."

அவர் பையனின் தலையை லேசாக நிமிர்த்தினார். மெல்ல ஊதினார். உர்சுலா பெண்ணுக்கு ஊதினாள்.

"என்ன, சத்தமே காணோம்?" என்றாள் சம்சுன்னிசா. இருவரும் ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

பையன் பூனைக்குட்டி போல முனகினான். பெண்ணின் துடிப்பு உர்சுலாவின் விரலடியில் நின்றுபோனது. அதன் பிறகும் அவள் வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்தாள்.

பையனைப் பஞ்சில் சுற்றித் தாயின் மார்போடு அணைத்து வைத்தார்கள். கீழ்க்கடைக்காரர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார். காத்திருந்தபோது நெய்னா முகம்மது மெல்லக் கேட்டார்.

"ஏன் மிஸ்ஸி, பையனை எங்கிட்டக் கொடுத்தீங்க?"

"பொண்ணுதான் ரொம்ப மோசமா இருந்தா. அதனால நான் எடுத்துக்கிட்டேன்."

அவர் தலையாட்டினார். பிறகு, "பொறக்கும்போது உயிர் இருந்துச்சா? இருந்தாத்தான் அடக்கத்துக்கு முன்னாடி ஜனாஸா தொழுகை வைப்பாங்க" என்றார்.

மாதா கோயிலுக்குப் போகும் உர்சுலாவுக்கு அந்த விதி தெரியாது. எந்தப் பதில் அவருக்கு ஆறுதல் என்றும் புரியவில்லை. பார்த்ததைச் சொன்னாள்.

"இருந்துச்சுங்க. என் விரல்ல பட்டுச்சு."

கட்டிலில் இருந்த சம்சுன்னிசா அப்போதுதான் அழுதாள். "அப்ப பேர் வைங்க" என்றாள்.

மைமூன் என்று பெயர் வைத்தார்கள். மறுநாள் தொழுகை வைத்து அடக்கம் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் பையன் தானாகவே மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.