பாய்க்கு அடியில் ஒரு வக்கீல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. காற்று திரும்பிவிட்டது, அலை இரைச்சலில் பின்னால் இருப்பவர்களுக்கு என் குரல் எட்டாது. ஒரு மனிதனை உயிரோடு நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்த ஒரு வக்கீல் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

சகாரியா பேருந்து ஓட்டுநர். பக்கத்துச் சவாயித் தீவுக்காரன், பிழைக்க நம் தீவுக்கு வந்தவன். மலைச்சாலையில் இறங்கும்போது அவன் பேருந்தின் பிரேக் பிடிக்கவில்லை. கீழே கடை வாசலில் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்த பெத்தேலோ என்ற இளைஞன்மேல் வண்டி ஏறிவிட்டது. பெத்தேலோ அங்கேயே இறந்தான். சகாரியா நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பெத்தேலோவை அடக்கம் செய்த பிறகுதான் கண் விழித்தான். விழித்ததும் போலீஸ் அவன்மேல் வழக்குப் போட்டது. பிரேக் பழுது என்று தனக்கு யாரும் சொன்னதே இல்லை என்று பேருந்து முதலாளி ஃபெரெட்டி சத்தியம் செய்தான். பலமுறை சொன்னேன் என்றான் சகாரியா. அதற்குச் சாட்சி இல்லை.

அவனுக்கு வக்கீலாக வந்தவள் மாதலேனா. கடல் கடந்து ஆக்லாந்தில் படித்தவள். முந்தின வருஷம்தான் அவள் குடும்பம் அவளுக்குத் தலைமைப் பட்டம் கொடுத்திருந்தது. சட்டத்தில் கெட்டிக்காரி. ஆனால் எடுத்த எடுப்பில் ஒரு தப்புச் செய்தாள்.

உயிர் போனால் நம்மில் என்ன செய்வோம்? விடியுமுன் செத்தவன் வீட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்து, குடும்பத் தலைவர் தலைமேல் சன்னப்பாயைப் போர்த்திக்கொண்டு குனிவோம். அந்த வீட்டார் வெட்டினாலும் வெட்டலாம், மன்னித்துப் பாயை எடுத்து உள்ளே அழைத்தாலும் அழைக்கலாம். சகாரியாவின் மாமாதான் அவர்கள் குடும்பத் தலைவர். அவர் பாயோடு படகேறி வந்து நின்றார். மாதலேனா தடுத்துவிட்டாள்.

"வேணாம் மாமா. நீங்க பாய்க்குக் கீழ போனா, குத்தத்தை ஒத்துக்கிட்டான்னு அரசாங்க வக்கீல் எழுதிடுவாரு. கேசு முடியட்டும்."

மாமா பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த படகில் திரும்பிப் போய்விட்டார்.

வருத்தம் தெரிவிக்க ஒருவரும் வரவில்லை என்றதும் பெத்தேலோவின் அண்ணன் தானியேலு, தேவாலய வாசலில் எல்லாரும் கேட்கச் சொன்னான்: "அவன் கோர்ட் படி ஏறமாட்டான்."

சகாரியாவுக்கு ஜாமீன் வாங்கிக்கொண்டு வரும்போது மாதலேனாவின் கார்க் கண்ணாடியைக் கல் உடைத்தது. லாக்கப்பில் வைத்துக் காப்பாற்றுகிறோம் என்றது போலீஸ். அங்கே காவலுக்கு இருந்தவன் தானியேலுவின் சின்னம்மா மகன். இந்தத் தீவில் யார் யாருக்குச் சொந்தமில்லை, சொல்லுங்கள்? அவள் சகாரியாவைத் தன் அத்தை லாங்கியின் வீட்டில் ஒளித்து வைத்தாள்.

லாங்கிக்கு வாய் நீளம். "ஏண்டி, படிச்சவளே, கோழிக்குஞ்சைக் கூடைக்குள்ள மூடுற மாதிரி ஒரு ஆம்பளையைக் கொண்டாந்து மூடிட்டுப் போறியே. தின்னுறதுல மட்டும் குறைச்சல் இல்ல இவனுக்கு. ஒரு சட்டி சேப்பங்கிழங்கு ஒரே மூச்சுல போகுது!"

"பயத்துல பசிக்குது அத்தை" என்றான் சகாரியா.

"பயமில்லாட்டி என் வீட்டையே தின்னிருப்ப போலிருக்கே."

ஒரு நாள் காலை லாங்கி எழுந்து பார்த்தபோது தோட்டத்து வாழைகள் எல்லாம் இடுப்பளவில் வெட்டுப்பட்டுக் கிடந்தன. வீட்டில் ஒரு ஓலைகூடக் கலையவில்லை. நாங்கள் வந்து போனோம், அடுத்த தடவை உள்ளே வருவோம் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

மாதலேனா வந்து வாழைகளைப் பார்த்தாள். நீதிபதியிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம் என்று ஆரம்பித்தாள்.

சகாரியா கும்பிட்டுச் சொன்னான்: "வக்கீலம்மா, காகிதத்தைக் காட்டினா கத்தி நிக்குமா? நான் ஓட்டின வண்டியிலதான் அந்தப் பையன் செத்தான். பிரேக் என் தப்பில்ல. ஆனா அந்தத் தாய் முன்னாடி நான் குனியலியே, அது என் தப்புதான். நான் பாய்க்குக் கீழ போறேன்."

அவள் அப்போதே மாமாவுக்குப் போன் செய்தாள்.

"இப்ப நான் வரணுமா? அன்னிக்கு விரட்டிட்டு இன்னிக்கு வா மாமாவா? உன் ஆக்லாந்து புஸ்தகம் இருக்குமே, அதை விரிச்சு அவனைப் போத்திக்கச் சொல்லு!" என்று அவர் போனை வைத்துவிட்டார்.

தலைமைப் பட்டம் உள்ளவர் யாரும் கூட வராமல் ஒருவன் தனியே போய் உட்கார்ந்தால் அது வெறும் தலை, வெட்டத் தோதான தலை. மாதலேனா வெட்டுப்பட்ட ஒரு வாழைத்தண்டைக் காலால் ஒதுக்கினாள்.

"எனக்குப் பட்டம் இருக்கு. நான் வரேன்" என்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா? அவன் என்ன உன் குடும்பமா?" என்றாள் லாங்கி.

"நான் தடுக்காம இருந்திருந்தா அவன் குடும்பமே பாயோட போயிருக்கும். அந்தக் கடன் என்னுது."

"அப்புறம் நீ வக்கீலா நிக்க முடியுமா?"

"முடியாது. அங்க பேசுறதுக்கு நானே சாட்சி ஆயிடுவேன். வேற வக்கீல் பார்க்கணும். பாய் வேணும் அத்தை."

"அதுக்குத்தான் வந்தியா! அது என் மக கல்யாணத்துக்கு வெச்சது..." லாங்கி முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் திறந்தாள். "ரத்தம் பட்டா தொலைச்சிடுவேன், சொல்லிட்டேன்."

மறுநாள் கருக்கலில் இரண்டு பேரும் பெத்தேலோவின் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தார்கள். புல் ஈரமாக இருந்தது. சுவரில்லாத வீடு, உள்ளே ஆட்கள் எழுவதும் நின்று பார்ப்பதும் பாய்க்கு அடியிலிருந்தே தெரிந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை. வெயில் ஏறியது. பாய்க்குள் வியர்வை ஓடியது.

"வக்கீலம்மா, கால் மரத்துப்போச்சு."

"என்னுதும்தான். அசையாத."

பாயின் விளிம்புக்கு அருகே இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் நீளக் கத்தியின் நுனி.

"பக்கத்துல யாரு?" தானியேலுவின் குரல்.

மாதலேனா தன் தலைமைப் பட்டத்தைச் சொன்னாள். "இவங்க மாமா முன்னாடியே வந்தாரு. நான்தான் தடுத்தேன். வெட்டுறதுன்னா முதல்ல என்னை."

கத்தி நகரவில்லை. அப்போது இன்னொரு காலடி, மெதுவாக. தலைமேல் பாயின் பாரம் குறைந்தது. வெளிச்சத்தில் கண் கூசியது. பெத்தேலோவின் தாய் சியேனி பாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுது ஓய்ந்த முகம்.

"எந்திரிங்க. உள்ள வாங்க" என்றாள்.

கோக்கோ வந்தது. வெகு நேரம் யாரும் கோப்பையைத் தொடவில்லை. கடைசியில் தானியேலு கேட்டான்: "குடிச்சிட்டுத்தானே ஓட்டின?"

"நான் ஏழாம் நாள் சபைக்காரன் அண்ணே. எங்களுக்குக் குடி விலக்கு, வீட்டுல காப்பிகூடக் கிடையாது."

"ஃபெரெட்டி அப்படிச் சொல்லலியே. அடக்கத்தன்னிக்கு இங்க வந்து உக்காந்து சொன்னான். டிரைவர் குடிச்சிருந்தான், கண்ணு முழிச்சதும் பிரேக் போச்சுன்னு பொய் சொல்லுவான், நம்பாதீங்கன்னான்."

மாதலேனா நிமிர்ந்தாள். "அடக்கத்தன்னிக்கா? நல்லா ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஏன்?"

"அன்னிக்கு இவனுக்கு நினைவே திரும்பல. பிரேக்குன்னு இவன் வாயில வார்த்தையே வரல. வண்டியையும் அதுவரைக்கும் போலீஸ் பார்க்கல. ஃபெரெட்டிக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

தானியேலு தாயைப் பார்த்தான். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"தம்பி, இதைக் கோர்ட்ல வந்து சொல்லணும்" என்றாள் மாதலேனா.

"மாட்டான்" என்றாள் சியேனி. "பாயை எடுத்தாச்சு. மன்னிச்சாச்சு. அதுக்கப்புறம் இந்தச் சாவைப் பத்திப் பேசுறது நம்ம வழக்கமில்ல."

"நிஜம்தாம்மா. நீங்க மன்னிச்சது இவனை. ஃபெரெட்டி உங்க பாயில உக்காந்து சாப்பிட்டுப் போனான். பாய்க்குக் கீழ வரவே இல்லையே."

சியேனி முற்றத்தின் பக்கம் திரும்பினாள். வெளியே புல்லில் அவர்கள் உட்கார்ந்திருந்த இடம் அழுந்திக் கிடந்தது, அதையே பார்த்தாள். பிறகு மகனிடம், "வெள்ளைச் சட்டையைத் தோச்சுப் போடு. கோர்ட்டுக்குப் போகணும்" என்றாள்.

மாதலேனா வழக்கிலிருந்து விலகிக்கொண்டாள். கட்சிக்காரனோடு தரையில் உட்கார்ந்ததற்காக நீதிபதி அவளைக் கண்டிக்கவும் செய்தார். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள், குனிந்து பழகியிருந்தாளே. விசாரணையில் தூங்குவார் என்று பெயரெடுத்த ஒரு கிழ வக்கீல் வழக்கை எடுத்தார். தானியேலு கூண்டில் ஏறியபோது அவர் தூங்கவில்லை. ஃபெரெட்டி முதலில் மறுத்தான், பிறகு மறந்துவிட்டேன் என்றான், பிறகு தண்ணீர் கேட்டான். சகாரியா விடுதலையானான். ஃபெரெட்டிமேல் வழக்குப் பதிவானது.

தாயைப் பார்க்கச் சவாயிக்குப் புறப்பட்ட சகாரியாவைத் தானியேலுதான் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து விட்டான். படகு ஊதியதும் ஒரு கூடைச் சேப்பங்கிழங்கை அவன் மடியில் வைத்தான்.

"உங்கம்மாவுக்கு. வழியிலயே தின்னுடாத."

அவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் முற்றத்தில் யாரும் கத்தியோடு வராதிருக்கட்டும். தலை குனிந்து யாராவது வந்தால், அவர் தலைமேல் வெயில் ஏறுமுன் எழுந்துபோகும் கால் உங்கள் வீட்டில் இருக்கட்டும். உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் போன வழியே பத்திரமாய்த் திரும்பி வரட்டும்.